கொடைகளே சுமையான கதை: நியூயார்க் வரலாற்றுக் கழகத்தின் இருநூறு ஆண்டுகள்

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். 1804ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நியூயார்க் வரலாற்றுக் கழகம், செல்வந்தர்கள் நிறைந்த ஒரு நகரத்தின் நடுவில் இருந்துகொண்டே, 1993இல் பணமில்லாமல் கதவடைத்தது ஏன்? 1980களின் நிர்வாகக் கோளாறுதான் காரணமா? பின்னர் அது தன் ஓவியங்களை ஏலத்தில் விற்றதைத் துரோகம் என்று கொள்ளலாமா?

1980களின் நிர்வாகம் நெருக்கடியை விரைவுபடுத்தியது உண்மை. ஆனால் அதற்கான விதை தொடக்க நாளிலேயே ஊன்றப்பட்டுவிட்டது என்பது என் கருத்து. இந்தக் கழகம் தனக்கு எது வேண்டும் என்று வரையறுத்துக்கொள்ளாமலே பிறந்தது. கேட்டதையும் கேட்காததையும் வாங்கிக்கொண்டே வளர்ந்தது. வாங்கியதைக் காப்பதற்கு ஆகும் செலவைக் கணக்கில் எடுக்கவேயில்லை. இதைப் புரிந்துகொள்ள முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

கழகத்தின் மூலவர் ஜான் பின்டார்ட் என்ற வணிகர். அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1776 முதல் 1783 வரை, நியூயார்க் நகரம் பிரிட்டிஷ் படையின் பிடியில் இருந்தது; அந்தத் தொடக்க ஆண்டிலேயே நகரின் ஒரு பகுதி தீக்கிரையானது. ஒரு தலைமுறையின் ஆவணங்கள் எவ்வளவு எளிதாக மறைந்துபோகும் என்பதைப் பின்டார்ட் கண்ணால் கண்டவர். 1789இல் அவர் பாஸ்டன் நகரத்துப் போதகரான ஜெரமி பெல்க்நாப்பைச் சந்தித்து, பழம்பொருள்களையும் ஆவணங்களையும் காக்க ஒரு சங்கம் வேண்டும் என்று பேசினார். பெல்க்நாப் அந்த எண்ணத்தைக் கொண்டு 1791இல் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கினார். அமெரிக்காவின் முதல் வரலாற்றுக் கழகம் அதுதான். பின்டார்டோ அதே காலத்தில் நியூயார்க்கில் ஒரு அருங்காட்சியகத்தைத் தொடங்கிவைத்தார். ஆனால் 1792ஆம் ஆண்டின் நிதிச் சரிவில் நண்பர் ஒருவரின் கடன் பத்திரங்களுக்குப் பிணை நின்றதால் எல்லாவற்றையும் இழந்து, கடனாளிகள் சிறைக்கும் போய்வந்தார். அந்த வீழ்ச்சியிலிருந்து எழுந்து வந்த மனிதர்தான், 1804 நவம்பர் 20 அன்று, வால் தெருவிலிருந்த பழைய நகர மன்றக் கட்டடத்தில் பத்துப் பேரைத் தம்முடன் கூட்டி நியூயார்க் வரலாற்றுக் கழகத்தை அமைத்தார். அந்தப் பதினொருவரில் ஒருவரான எக்பர்ட் பென்சன் முதல் தலைவரானார். ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றது அதே கட்டடத்தில்தான் என்பதை அன்று கூடியவர்கள் ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி, கழகம் தனக்கென எழுதிக்கொண்ட நோக்கத்தைப் பாருங்கள். அமெரிக்க நாடு முழுவதற்கும், குறிப்பாக நியூயார்க் மாநிலத்திற்கும் உரிய இயற்கை வரலாறு, அரசியல் வரலாறு, இலக்கிய வரலாறு, திருச்சபை வரலாறு ஆகியவற்றைச் சார்ந்த எதையும் கண்டறிந்து, பெற்று, காப்பது. இதில் நகரம் என்ற சொல்லே இல்லை. நாட்டின் வரலாறும் உண்டு, இயற்கை வரலாறும் உண்டு. ஆகவே கனிமக் கல்லும் உண்டு, விலங்கின் எலும்பும் உண்டு. பஞ்சாங்கம், பிரசங்கம், துண்டறிக்கை, நாளிதழ், கையெழுத்துப்படி என எதையும் அனுப்பிவையுங்கள் என்று கழகம் தொடக்கத்திலேயே பொதுமக்களை வேண்டிக்கொண்டது. அக்காலத்தில் அது தவறான அழைப்பு அன்று. வேறு யாரும் சேகரிக்காத நாளில், எது பின்னால் பயன்படும் என்று யாருக்குத் தெரியும்? அன்று வீசியெறிய வேண்டிய தாளாக எண்ணப்பட்ட நாளிதழ்களைச் சேர்த்துவைத்ததனால்தான், 1820க்கு முற்பட்ட அமெரிக்க நாளிதழ்களின் மிகப் பெரிய தொகுப்புகளுள் ஒன்று இன்றும் இக்கழக நூலகத்தில் இருக்கிறது. இதற்காக மட்டுமே நான் அந்தப் பதினொருவருக்கும் நன்றி சொல்வேன். ஆனால் அழைப்பு திறந்தே கிடந்தது. மூட வேண்டிய காலம் வந்தபோதும் யாரும் மூடவில்லை.

முதல் இருபது ஆண்டுகளில் கழகத்திற்குப் பெயர் இருந்தது, பணம் இல்லை. 1809இல், ஹட்சன் என்ற மாலுமி நியூயார்க் துறைமுகத்திற்குள் நுழைந்ததன் இருநூறாம் ஆண்டைக் கழகம் சிறப்பாகக் கொண்டாடியது. அதே ஆண்டின் இறுதியில் வாஷிங்டன் இர்விங் என்ற இளம் எழுத்தாளர், நகரத்தின் டச்சுக் கால வரலாற்றைக் கேலியாக எழுதிய தம் நூலை இந்தக் கழகத்திற்கே காணிக்கையாக்கினார். அடுத்த ஆண்டு டிசம்பர் 6 அன்று பின்டார்டின் முயற்சியால் கழகம் புனித நிக்கலஸ் விழாவைக் கொண்டாடி, அத்திருத்தொண்டரின் உருவத்தை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டு வழங்கியது. இன்று உலகம் முழுவதும் அறியப்படும் கிறிஸ்துமஸ் தாத்தாவின் அமெரிக்கப் பிறப்பைத் தேடுகிறவர்கள் இந்த விருந்தில்தான் வந்து நிற்பார்கள். இப்படி நகரத்தின் நினைவையே உருவாக்கும் ஆற்றல் பெற்றிருந்த கழகம், 1820களின் நடுவில் கடனில் மூழ்கியது. நூலகத்தையே விற்றுவிடலாம் என்ற யோசனைகூட எழுந்தது. உறுப்பினர்கள் எதிர்த்தார்கள், இறுதியில் 1827இல் மாநில சட்டமன்றம் 5,000 டாலர் வழங்கிக் காப்பாற்றியது. 1829இல் இயற்கை வரலாற்றுப் பொருள்கள் வேறொரு அறிவியல் சங்கத்திற்குப் போயின. 1827ஐயும் 1993ஐயும் அருகருகே வைத்துப் பார்த்தால், நடந்தது ஒரே கதையின் இரு பதிப்புகள் என்பது தெரியும்: கடன், சொத்தை விற்கும் யோசனை, அரசின் உதவி, பொருந்தாத பொருள்களைக் கைமாற்றுதல். முதல் தடவை கிடைத்த பாடம் நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் கற்க வேண்டியதாயிற்று.

சொந்தக் கட்டடம் 1857இல்தான் வாய்த்தது. அதுவரை ஐம்பத்து மூன்று ஆண்டுகள் அரசுக் கட்டடங்களிலும், வாடகை மாடிகளிலும், பல்கலைக்கழகத்தின் அறைகளிலும் மாறி மாறிக் குடியிருந்தது. இரண்டாம் அவென்யூவில் புதிய கட்டடம் எழுந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. இடம் இருக்கிறது என்று தெரிந்தவுடன் கொடைகள் வெள்ளம்போல் வந்தன. 1858இல், லூமன் ரீட் என்ற வணிகர் சேர்த்திருந்த அமெரிக்க ஓவியங்கள் வந்தன. பேரரசு ஒன்றின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் தாமஸ் கோல் வரைந்த ஐந்து பெரிய ஓவியங்கள் அவற்றில் அடங்கும். 1863இல், பறவை ஓவியர் ஆடுபானின் மூல நீர்வண்ண ஓவியங்கள் நானூறுக்கும் மேற்பட்டவற்றை, வறுமையில் இருந்த அவர் மனைவி லூசியிடமிருந்து கழகம் 4,000 டாலருக்கு வாங்கியது. இவை இரண்டும் எந்த வரலாற்றுக் கழகத்திற்கும் பெருமை தரக்கூடியவை.

மற்றவை அப்படிப்பட்டவை அல்ல. ஜேம்ஸ் லெனாக்ஸ் என்ற செல்வர், கிறிஸ்துவுக்கு முன் ஒன்பதாம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் இரண்டாம் அசூர்நசிர்பால், இன்றைய ஈராக்கிலுள்ள நிம்ருதில் எழுப்பிய அரண்மனையின் சுவர்ப் புடைப்புச் சிற்பங்களைக் கொடுத்தார். 1860இல் ஹென்றி ஆபட் என்ற மருத்துவரின் எகிப்தியத் தொகுப்பு, மம்மிகள் உட்பட, வந்து சேர்ந்தது. 1867இல் தாமஸ் ஜெஃபர்சன் பிரையன் ஐரோப்பிய ஓவியங்களை வழங்கினார். 1449இல் ஃபிளாரன்ஸ் நகரில், பின்னாளில் அந்நகரை ஆண்ட லொரென்சோ டி மெடிசி பிறந்ததைக் கொண்டாடத் தீட்டப்பட்ட ஓவியத் தட்டு ஒன்று அவற்றில் இருந்தது. 1906இல் எட்வின் ஸ்மித் என்பவரின் மகள், தந்தை எகிப்தில் வாங்கிய ஒரு பாப்பிரஸ் சுருளைக் கொடுத்தார். நாற்பத்தெட்டு நோயாளிகளின் காயங்களையும் எலும்பு முறிவுகளையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து சிகிச்சை சொல்லும் அந்தச் சுருள், நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழமையான அறுவை மருத்துவ ஏடு. எகிப்தியவியல் அறிஞர் பிரெஸ்டெட் அதைப் படித்து மொழிபெயர்த்து 1930இல் வெளியிட்ட பிறகுதான் அதன் மதிப்பை உலகம் அறிந்தது.

நியூயார்க்கின் வரலாற்றைக் காக்கப் புறப்பட்ட ஒரு கழகத்திற்கு அசீரிய மன்னனும் எகிப்திய மருத்துவனும் எதற்கு என்று கேட்பது எளிது. அந்நாளில் நகரத்தில் பெரிய கலை அருங்காட்சியகம் எதுவும் இல்லை. கழகமே அந்த இடத்தை நிரப்ப விரும்பியது என்பதுதான் பதில். 1860களில் சென்ட்ரல் பூங்காவிற்குள் ஒரு பெரும் அருங்காட்சியகம் எழுப்ப மாநிலத்தின் அனுமதியையும் அது பெற்றது. ஆனால் கட்டடத்திற்கான பணம் திரளவில்லை. 1870இல் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் தோன்றி, அந்தப் பூங்காவிலேயே இடம்பெற்று, அந்த ஆசையைத் தனதாக்கிக்கொண்டது. கழகம் அன்றே தன் வழியைத் தெளிவாக வகுத்திருக்க வேண்டும். ஆசை போய்விட்டது, ஆசைக்காக வாங்கிய பொருள்கள் மட்டும் தங்கிவிட்டன. இந்த ஒரு தருணத்தைத்தான் நான் முழு வரலாற்றின் முடிச்சாகக் கருதுகிறேன்.

யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று நம் வீடுகளில் கேட்பார்கள். அருங்காட்சியகக் கொடையின் இயல்பைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வார்த்தை இல்லை. ஓவியத்தைக் கொடுப்பவர் ஒரு நாள் கொடுத்துவிட்டுப் போகிறார். வாங்கியவர் அதற்கு இடம் தர வேண்டும், ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் கட்டுக்குள் வைக்க வேண்டும், பட்டியலிட வேண்டும், பழுது பார்க்க வேண்டும், காப்பீடு எடுக்க வேண்டும், காவல் போட வேண்டும். அதுவும் ஒரு நூற்றாண்டுக்கு, இரண்டு நூற்றாண்டுகளுக்கு. கொடையோடு பராமரிப்புக்கான பணத்தையும் சேர்த்துத் தருபவர்கள் மிகச் சிலர். ஆகவே கணக்கேட்டில் சொத்து என்று தெரிவது, நடைமுறையில் ஆண்டுதோறும் வளரும் கடனாக இருக்கிறது.

1908இல் கழகம் சென்ட்ரல் பூங்காவின் மேற்குப் புறத்தில், 77ஆம் தெரு முனையில், இன்றுள்ள கட்டடத்திற்குக் குடிபெயர்ந்தது. ஆனால் மக்கள் வரவில்லை. மக்கள் வர வேண்டும் என்று கழகம் பெரிதாக விரும்பியதாகவும் தெரியவில்லை. பழைய குடும்பங்களின் ஆண்கள் கூடும் இடமாகவே அது இருந்தது. 1917இல் வான் ரென்சலர் என்ற பழைய நியூயார்க் குடும்பத்தைச் சேர்ந்த உறுப்பினரான ஒரு பெண்மணி, கழகக் கூட்டத்திலேயே எழுந்து, பழைய நியூயார்க்கின் செல்வங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒழுங்கில்லாமல் குவிக்கப்பட்ட விநோதப் பொருள்களே இருக்கின்றன என்று பகிரங்கமாகச் சாடினார். செய்தித்தாள்கள் அதைப் பெரிதாக வெளியிட்டன. அவர் சொன்னதில் கடுமை இருந்தது, பொய் இல்லை. 1923இல் நியூயார்க் நகர அருங்காட்சியகம் என்ற தனி அமைப்பு தோன்றியபோது, நகரத்தின் அன்றாட வாழ்வைச் சொல்லும் பொறுப்பும் கழகத்தின் கையிலிருந்து நழுவியது. கலைக்கு ஒருவர், நகரத்திற்கு ஒருவர் என்று வந்துவிட்ட பின், நடுவில் நின்ற கழகம் யாருக்காக என்பதற்கு விடை இல்லாமல் போயிற்று.

அந்த விடையைத் தேட வேண்டிய நேரத்தில்தான் பெரும் செல்வம் வந்தது. 1935இல் தாம்சன் குடும்பத்தார் வழியாகச் சுமார் 45 இலட்சம் டாலர் கழகத்திற்குக் கிடைத்தது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் அது எத்தகைய தொகை என்று எண்ணிப் பாருங்கள். கட்டடத்தின் இரு சிறகுகள் எழுந்தன. 1930களின் இறுதியில் எகிப்திய, அசீரியப் பொருள்கள் புரூக்ளின் அருங்காட்சியகத்திற்கு இரவலாகப் போய், பின்னர் அதற்கே விற்கப்பட்டன. ஸ்மித் பாப்பிரஸ் நியூயார்க் மருத்துவக் கழகத்தைச் சேர்ந்தது. இவை நல்ல முடிவுகள். ஆனால் மூலநிதியின், அதாவது தொடாமல் வைத்திருக்க வேண்டிய முதலின், வருமானத்திலேயே செலவு நடந்ததால், அறங்காவலர்கள் நகரத்தாரிடம் கையேந்த வேண்டியிருக்கவில்லை. கையேந்தாத அமைப்புக்கு ஆதரவாளர்களும் உருவாவதில்லை. உறுப்பினர்களைச் சேர்ப்பது, அரசிடம் மானியம் கேட்பது, பள்ளிகளோடு உறவு வைப்பது ஆகிய பழக்கங்களை ஒரு தலைமுறை முழுவதும் கழகம் வளர்த்துக்கொள்ளவில்லை. விலைவாசி ஏறத் தொடங்கி, 1970களில் நகரமே திவாலின் விளிம்பில் நின்றபோது, மூலநிதியின் வருமானம் போதவில்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை.

இப்போது 1980களுக்கு வருகிறேன். வருமானத்தைப் பெருக்குவதற்காகக் காட்சிகளையும் பணியாளர்களையும் பெருக்கினார்கள். பற்றாக்குறைக்கு மூலநிதியையே எடுத்துச் செலவிட்டார்கள். விதைநெல்லைக் குத்தித் தின்றது போன்ற இந்தச் செயலை நியாயப்படுத்த முடியாது. அந்த ஆண்டுகளிலேயே நியூஸ்டாட் என்ற பல் மருத்துவர், டிஃபனி என்ற கலைஞரின் பட்டறையில் உருவாகி, தாம் சேகரித்த நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட வண்ணக் கண்ணாடி விளக்குகளைக் கழகத்திற்குக் கொடுத்தார். இருப்பதையே காக்க முடியாதவர்கள் அதையும் வாங்கி வைத்தார்கள். 1988இல், கிடங்கில் ஓவியங்கள் பூசணம் பிடித்துக் கிடக்கின்றன என்ற செய்தி வெளியானது. மாநிலத் தலைமை வழக்கறிஞரின் அலுவலகம் விசாரணையில் இறங்கியது, இயக்குநர் விலகினார். அடுத்து வந்தவர்கள் முயன்றும் ஓட்டை அடைபடவில்லை. 1993 பிப்ரவரியில் காட்சிக்கூடங்களும் நூலகமும் மூடப்பட்டன. நூலகம் மூடப்பட்டதுதான் ஆராய்ச்சியாளர்களைப் பதறச்செய்தது. அவர்கள் எழுப்பிய குரலும் அரசு தந்த நிதியுமே கழகத்தை உயிரோடு வைத்தன. 1995இல் கதவுகள் மீண்டும் திறந்தன.

ஏலத்தைப் பற்றிய கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு காப்பகம் தன் தொகுப்பை விற்றுக் கடனைத் தீர்ப்பது மிகவும் ஆபத்தான வழி. ஒருமுறை தொடங்கினால் ஒவ்வொரு பற்றாக்குறைக்கும் ஒரு ஓவியம் போகும். ஆயினும் 1995இல் விற்கப்பட்டவற்றை நான் துரோகம் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் ஐரோப்பிய ஓவியங்களும் கழகத்தின் நோக்கத்துக்கு வெளியே இருந்த பொருள்களுமே விற்கப்பட்டன. மாநிலத் தலைமை வழக்கறிஞருடன் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, ஏலம் போன பொருளை முன்னுரிமையோடு வாங்கிக்கொள்ள நியூயார்க் மாநில அருங்காட்சியகங்களுக்கு வாய்ப்புத் தரப்பட்டது. மெடிசி குழந்தையின் பிறப்புத் தட்டு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திற்குச் சென்றது அப்படித்தான். பூங்காவின் மேற்குப் புறத்திலிருந்து கிழக்குப் புறத்திற்குப் போயிற்று, அவ்வளவுதான். முன்பு அதைத் தேடிச் சென்றவர்கள் சிலர், இன்று அதன் முன் நிற்பவர்கள் ஏராளம்.

உண்மையான மீட்சி ஏலத்தால் வரவில்லை. தொகுப்பிடம் கேள்வி கேட்கத் தொடங்கியபோது வந்தது. 2000ஆம் ஆண்டு, கிடங்குகளில் அடைந்துகிடந்த ஏறத்தாழ 40,000 பொருள்களைக் கண்ணாடிப் பேழைகளில் அடுக்கி, மக்கள் நேரில் காணும்படி ஒரு தளம் முழுவதையும் திறந்தார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், நிகழ்ந்துகொண்டிருக்கும் வரலாற்றின் தடயங்களை உடனுக்குடன் சேகரிக்கும் பணியில் இறங்கினார்கள். நகரத்தின் நினைவைக் காக்க வேண்டியவர்கள் நகரத்தின் துயர நாளில் தெருவில் இருந்தார்கள் என்பது என்னை இன்றும் நெகிழச்செய்கிறது. டிஃபனி விளக்குகளின் கதையும் மாறியது. அவற்றுள் புகழ்பெற்ற பல வடிவங்களை உருவாக்கியவர் கிளாரா டிரிஸ்கால் என்ற பெண்மணி என்பது, குயின்ஸ் வரலாற்றுக் கழகத்திலும் ஓஹையோவில் ஒரு பல்கலைக்கழகத்திலும் இருந்த அவருடைய கடிதங்களால் வெளிப்பட்டது. 2007இல் அதையே மையமாக வைத்துக் காட்சி அமைத்தார்கள். கொடையாக வந்தபோது சுமையாக இருந்த விளக்குகள், ஒரு பட்டறையில் உழைத்த பெண்களின் வரலாறாயின. அதைச் சாத்தியமாக்கியதில், குயின்ஸ் போன்ற ஒரு நகரப் பகுதியின் சிறிய வரலாற்றுக் கழகத்தில் பத்திரமாக இருந்த கடிதக் கட்டுக்கும் பங்குண்டு.

எல்லாவற்றிலும் நான் முதலிடம் தருவது 2005ஆம் ஆண்டு, நியூயார்க்கில் நிலவிய அடிமைமுறையைப் பற்றி நடந்த காட்சிக்கே. வடக்கு மாநிலங்களில் அடிமைமுறை பெயரளவில்தான் இருந்தது என்று அந்த நகரம் தன்னைத்தானே நம்பவைத்துக்கொண்டிருந்தது. 1991இல் கீழ் மன்ஹாட்டனில் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது ஆப்பிரிக்கர்களின் பழைய இடுகாடு வெளிப்பட்டு அந்த நம்பிக்கையைக் குலைத்தது. ஆனால் எழுத்துச் சான்றுகள் கழகத்தின் பேழைகளில் வெகுகாலமாகவே இருந்தன: 1785இல் தொடங்கிய அடிமை விடுவிப்புச் சங்கத்தின் குறிப்பேடுகளும், அது நடத்திய ஆப்பிரிக்க இலவசப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகள் தம் கையால் எழுதியும் வரைந்தும் வைத்த தாள்களும் அங்கே இருந்தன. எதை வேண்டுமானாலும் அனுப்புங்கள் என்று திறந்து வைத்த அந்தப் பழைய வாசலின் வழியாகத்தான் இவையும் உள்ளே வந்திருந்தன. கழகம் கடனிலிருந்து காப்பாற்றப்பட்ட 1827ஆம் ஆண்டு ஜூலை 4 அன்றுதான் நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. அந்த ஆண்டு நூலகம் விற்கப்பட்டு, கழகமும் கலைந்திருந்தால், அந்தப் பிள்ளைகளின் கையெழுத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க அப்படியொரு இடம் இருந்திருக்காது.

2011இல் பெரும் புதுப்பிப்புக்குப் பின் கட்டடம் மீண்டும் திறக்கப்பட்டது. 2024இல் கழகம் என்ற சொல்லையே தன் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய குடும்பத்து ஆண்களின் கூட்டமாக இருந்த காலத்தை அந்தச் சொல் நினைவூட்டுகிறது என்றால் எடுத்தது சரிதான். அசீரியச் சிற்பங்கள் இன்று புரூக்ளினில் இருக்கின்றன. ஸ்மித் பாப்பிரஸ் மருத்துவர்களிடம் இருக்கிறது. ஆப்பிரிக்க இலவசப் பள்ளியின் தாள்கள் 77ஆம் தெருவிலேயே இருக்கின்றன.